சைதாப்பேட்டைக்காரனின் கடைசிப் போட்டி

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் பையை ஓரமாக வைக்கச் சொன்னார். நிமிர்த்தி வைத்தால் ஏறக்குறைய என் தோள் உயரம் வரும் பை அது. ஜிப்பைத் திறந்து உள்ளே இருந்த கோல்ஃப் மட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் மட்டைகளைப் பார்த்தார்.

"யாரோட பை இது?"

"என்னோடதுதான் சார்."

"நீங்க ஆடுவீங்களா?"

"அதான் சார் தொழில்."

அவர் நம்பவில்லை. செல்போனில் என் பெயரைத் தேடச் சொன்னேன். எப்போதோ ஜெயித்த கோப்பையோடு நிற்கிற படம் வந்தது. அதில் எனக்குத் தலை நிறைய முடி. படத்தையும் என் மண்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி போங்க என்றார். கோலாலம்பூரிலும் பாங்காக்கிலும் இதே பையோடு எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். அங்கெல்லாம் யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. சொந்த ஊரில்தான் கேட்கிறார்கள். அவரையும் குறை சொல்வதற்கில்லை. என் மாதிரி முகவெட்டு உள்ளவன் இந்தப் பையைத் தூக்குவதைப் பார்த்திருக்கிறது இந்த ஊர். பைக்குச் சொந்தக்காரனாகப் பார்த்ததில்லை.

என் பெயர் ஏழுமலை. சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் பிறந்தவன். அரைக்கால் சட்டை வயதிலேயே ஒரு கோல்ஃப் கிளப்பில் பை தூக்கப் போனேன். கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம். அந்த வேலைக்கு கேடி என்று பெயர். போலீஸ் ஸ்டேஷனில் படம் ஒட்டுகிற கேடி வேறு, இது வேறு. ஆனால் எங்கள் தெருவில் பெண் கேட்டுப் போனால் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான். திங்கட்கிழமை உறுப்பினர்கள் வர மாட்டார்கள், அன்றைக்கு மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்பது கிளப் வழக்கம். அந்தத் திங்கட்கிழமைகளில் கற்றதை வைத்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் பிழைத்துவிட்டேன். ஒரு முறை ஜெயித்தேன். மற்ற முறையெல்லாம் ஜெயித்தவர்களுக்குக் கைதட்டினேன். மலேசியாவில் கிள்ளான் ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டேன். ஒரு பயிற்சித் திடலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், நடுநடுவே இந்தியா வந்து போட்டிகளில் ஆடுகிறேன்.

இந்த முறை வந்தது வருடத்தின் கடைசிப் போட்டிக்கு. நான் பை தூக்கிய அதே கிளப்பில் நடக்கிறது. என் காலத்தில் இங்கே இப்படி ஒரு போட்டி நடப்பது இதுதான் முதல் தடவை. முதல் இருபது பேருக்குள் வந்தால் அடுத்த வருடமும் ஆடும் உரிமை எனக்கு உண்டு. வரவில்லையென்றால் இல்லை. இந்த முதுகை வைத்துக்கொண்டு இருபது வயதுப் பையன்களோடு மறுபடியும் தகுதிச் சுற்றில் மோத முடியாது. கிள்ளான் திடலின் சீன முதலாளி முழுநேர வேலைக்கு வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்.

"இந்தத் தடவை கிடைக்கலன்னா அவருக்குச் சரின்னு சொல்லிடுவீங்கதானே?" என்று கிளம்பும்போது என் மனைவி பத்மா கேட்டாள்.

சொல்லிடுவேன் என்றேன். அவள் சண்டை போட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் போகலாம் என்று நினைத்தது என் தப்பு. சோதனை இயந்திரத்தின் வாய்க்குள் பை நுழையவில்லை. காவலாளி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உள்ள போவாது சார், ஆட்டோ புடிச்சிக்கோங்க" என்றார். ஆட்டோவில் மட்டும் என்ன, பாதிப் பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கொஞ்ச தூரம் வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

"கச்சேரிக்கு வந்துகீறீங்களா சார்? உள்ள வீணைதானே?"

"இல்லப்பா, கோல்ஃப்."

"ஓ," என்றார். வீணை என்றே சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றால் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பார்.

தி. நகரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தேன். சைதாப்பேட்டையில் பிறந்தவன் தி. நகரில் லாட்ஜ் எடுப்பதை என்னவென்று சொல்வது. ஆற்றங்கரையில் எங்கள் வீடுகளை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஜனங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். என் அப்பாவும் அம்மாவும் அங்கே போய்ப் பழகுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரங்கநாதன் தெரு முனையில் ஆட்டோவை விட்டு இறங்கிப் பையைத் தோளில் மாட்டியதும், கூட்டத்தில் இரண்டு தலையில் இடித்தேன். புடவைக் கட்டோடு வந்த ஒரு அம்மா, "கட்டில வாங்கினா வண்டில ஏத்திக்கினு போவணும், தோள்ல தூக்கிக்கினு வருவாங்களா?" என்று திட்டிவிட்டுப் போனார்.

லாட்ஜுக்குக் கீழே ஒரு மெஸ். கிள்ளானில் தினமும் ரொட்டி சானாய் தின்று பழகிய வாய்க்கு, வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் ஒரு பிடி கூடுதலாகவே இறங்கியது. அந்த ஒரு விஷயத்தில் என் ஊர் என்னை ஏமாற்றவில்லை. பரிமாறியவர் கேட்காமலே இரண்டாம் முறை சாதம் வைத்தார், தண்ணீரைக் கேட்டும் வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கிளப் வாசலில் தயாளன் காத்துக்கொண்டிருந்தான். நானும் அவனும் ஒரே தெரு, ஒரே நாளில் பை தூக்கச் சேர்ந்தவர்கள். நான் கிளம்பிப் போனேன், அவன் இன்னும் அதே கிளப்பில் கேடி. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, விடிவதற்குள் வந்துவிடுகிறான். இந்த வாரம் மட்டும் என் பையைத் தூக்குவதாக ஏற்பாடு.

"இன்னா மச்சி, மூஞ்சி சின்னதாயிடுச்சி," என்றான். "அங்க சோறு போட மாட்டாங்களா?"

"போடுறாங்க. தின்னத்தான் நேரம் இல்ல. மண்டே ஆட்டம் ஆச்சா?"

"போட்டின்னு இந்த வாரம் கேன்சலு. புல்லு வீணாயிடுமாம்."

புல்லின் மேல் எங்களுக்கு இருந்த அந்த ஒரு நாளும் இந்த வாரம் இல்லை. அன்றைக்குப் பயிற்சி ஆடிவிட்டு, ஆட்டக்காரர்களுக்கான சாப்பாட்டு அறைக்குப் போனேன். அதன் முன்வாசல் வழியாக அதுவரை நான் உள்ளே போனதே இல்லை. பின்பக்கம் தண்ணீர்க் குழாய் வரைதான் எங்களுக்கு அனுமதி. இன்றைக்கு என் கழுத்தில் ஆட்டக்காரர் என்ற அட்டை தொங்கியது. தயா வழக்கம்போல வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். நான் கூப்பிட்டாலும் அவனால் வர முடியாது, அவன் வராததால் எனக்குச் சாப்பாடு உள்ளே இறங்கவில்லை. தோசை கொண்டுவந்த பழைய வெயிட்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். குனிந்து தாழ்ந்த குரலில், "ஏழு, உன்ன சார்னு கூப்புடணுமா இப்போ?" என்றார். வேண்டாம் என்றேன். மேனேஜர் பக்கத்தில் வந்ததும் சார் என்றே கூப்பிட்டார்.

கிள்ளானில் எங்கள் திடலுக்கு லாரி டிரைவர் வருவார், மீன் விற்கிறவர் வருவார், வேலை முடித்த கையோடு ஒரு கூடைப் பந்தை அடித்துவிட்டுப் போவார்கள். அங்கே எல்லாம் சமத்துவம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் பெரிய கிளப் உண்டு, பெரிய கதவு உண்டு. ஆனால் பந்தடிக்கிற ஆசை வந்தவன் அதற்காக இன்னொருவன் பையைத் தூக்கத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை, உறுப்பினர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களும் சேர்ந்து ஆடும் நட்பு ஆட்டம். என் குழுவில் போட்டிருந்தது வக்கீல் சாரை. மயிலாப்பூர்க்காரர். சின்ன வயதில் நான் வருடக்கணக்காகப் பை தூக்கியது அவருக்குத்தான். நான் போன பிறகு அந்தப் பை தயாவிடம் போனது. எண்பதைத் தொட்டுவிட்டார். நடை தளர்ந்துவிட்டாலும் குரல் அப்படியே இருக்கிறது.

"வாடா ஏழுமலை," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கூட ஆடியவர்களிடம், "இவன் நம்ம பையன். நான் போட்டுத் தேய்ச்ச மட்டைலதான் இவன் ஆடக் கத்துண்டான்," என்றார். உண்மைதான். தன்னுடைய பழைய மட்டைகளை அவர் எனக்குக் கொடுத்தார். என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். உறுப்பினர்கள் தங்களுக்குள் ஆடும்போது, பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் அதை உள்ளே தள்ள வேண்டியதில்லை. போறும் என்று சொல்லிவிட்டு அடுத்த குழிக்குப் போய்விடுவார்கள். குனிந்து பந்தை எடுத்து, துணியில் துடைத்து, அவர்கள் கையில் கொடுப்பது கேடியின் வேலை. "போறும்டா, எடு" என்பதுதான் வக்கீல் சாரின் வாய்ப்பாடு. போட்டியில் அது கிடையாது. ஒட்டிக்கொண்டு நின்றாலும் பந்து குழிக்குள் விழுந்தால்தான் கணக்கு. இடையில் எடுக்க வேண்டியிருந்தால், பந்து இருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு காசை வைத்து அடையாளம் செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். காசு வைக்காமல் எடுத்தால் ஒரு அடி தண்டம். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

அன்று மாலை மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கபாலீஸ்வரர் கோயில் குளத்தைச் சுற்றி வந்த ஆட்டோ ஒரு கல்யாண ஊர்வலத்துக்குள் மாட்டிக்கொண்டது, இறங்கி நடந்தே போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார். காபி நன்றாக இருந்தது. சார் தன் பேரனிடம் என்னைக் காட்டி, "நம்மாத்துக்கு வந்துண்டு இருந்தவன், இன்னிக்கு பெரிய ஆட்டக்காரன்," என்றார். பேரன் என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான். அவருடைய பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம்ம பையன் என்று அவர் சொல்லும்போதெல்லாம், எனக்குச் சொந்தமாக ஒரு வாழ்க்கை இருப்பதே மறந்துபோனது.

புதன்கிழமை முதல் சுற்று. சுமாராக ஆடினேன். பாதியில் பையின் தோள்வார் அறுந்தது. விமானத்தில் ஏற்றியவர்களின் கைங்கரியம். தயா அதைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு மீதிக் குழிகளுக்குத் தூக்கிவந்தான். மாலையில் இரண்டு பேரும் ராயப்பேட்டைக்குப் போனோம். மார்க்கெட் பக்கத்துச் சந்தில், பெட்டி அளவுக் கடையில் தோல் தைக்கிற பாய் ஒருவர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு மட்டைகளை எண்ணினார்.

"ஒரு பந்து அடிக்க இத்தினி கம்பியா?"

"தூரத்துக்கு ஏத்த மாதிரி ஒவ்வொண்ணு பாய்."

"கிரிக்கெட்டுல ஒரே மட்டைல சிக்ஸரும் அடிக்கிறான், கட்டையும் போடுறான்," என்று சொல்லிக்கொண்டே தடித்த நூலைக் கோத்தார். "நீங்க ஆடறத டிவில காட்டுவாங்களா?"

"எப்பவாவது."

"எப்பவாவதுன்னா?"

"ஜெயிச்சா," என்றான் தயா.

பாய் சிரிக்கவில்லை. இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தார். பக்கத்துக் கடையில் பிரியாணி சாப்பிட்டோம். கத்தரிக்காய்த் தொக்கை மூன்று முறை கேட்டு வாங்கிக்கொண்டோம். கிள்ளானில் இதே பெயரில் ஒன்று கிடைக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது என் மனைவியின் ஊருக்கு நான் செய்கிற மரியாதை.

வியாழக்கிழமை நன்றாக ஆடினேன். இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கியவர்களைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் தப்பித்தேன். வெள்ளிக்கிழமை அதைவிட நன்றாக ஆடினேன். என் முதுகு என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காற்று எந்த மூலையிலிருந்து எந்த நேரத்தில் திரும்பும் என்று என் காலுக்கே தெரிந்திருந்தது. டில்லிப் பையன்கள் திணறிய இடத்தில் நான் யோசிக்காமல் அடித்தேன். பட்டியலில் என் பெயர் இருபதுக்குள் ஏறி நின்றது. என் ஊர், என் புல் என்று ஒரு திமிர்கூட வந்தது. இவ்வளவு வருடத்தில் அப்படி நினைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். வேளாங்கண்ணி கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கிறவர்கள், மணலில் பலூன் சுடுகிறவர்கள், அலையில் காலை நனைத்துவிட்டுச் செருப்பைத் தேடுகிறவர்கள். வறுத்த வஞ்சிரம் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

"நாளைக்கு மட்டும் நிதானமா ஆடு மச்சி," என்றான் தயா. "உள்ள வந்துட்டா இன்னும் ஒரு வருசம். நம்ம தெருவுல நீ ஒருத்தன்தான் ஆடிக்கினு கீறே."

"தெருவே இல்லியேடா."

"ஆளுங்க கீறாங்க இல்ல? பெரும்பாக்கத்துல பி பிளாக்ல கேட்டுப் பாரு. உன் பேர் வந்துச்சின்னா போன்ல காட்டிக்கினு சுத்துவானுங்க."

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுவரை நான் பத்மாவுக்கும் என் முதுகுக்கும் மட்டுமே பதில் சொன்னால் போதும் என்று இருந்தேன். அன்றைக்கு லாட்ஜுக்குத் திரும்பியதும் தூக்கம் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை கடைசிச் சுற்று. காலையில் சைதாப்பேட்டை ஸ்டேஷனில் தயாவைச் சந்தித்து, அங்கிருந்து ஆட்டோவில் போவதாகத் திட்டம். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினேன். ஒரே ஒரு நிறுத்தம்தான். பையை நிறுத்திவைத்ததும் ஒருவர் அதன் மேல் சாய்ந்துகொண்டு தூங்க ஆரம்பித்துவிட்டார். இறங்கும் இடத்தில் அவரை எழுப்ப மனமில்லாமல் தயங்கினேன், அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கிண்டியில் இறங்கி எதிர் வண்டி பிடித்து வந்தேன். தயா பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

ஆட்டம் முழுவதையும் எழுதப்போவதில்லை. ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். கடைசிக் குழிக்கு வந்தபோது தயா போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தான்.

"நாலு அடில முடிச்சா உள்ள கீறே. அஞ்சுன்னா வெளிய."

முதல் அடி நடுவில் விழுந்தது. இரண்டாவது அடி, குழி இருக்கிற வழவழப்பான புல்லின் ஓரத்துக்குப் போனது. மூன்றாவதாக அங்கிருந்து நீளமாக உருட்டினேன். பந்து வளைந்து வளைந்து வந்து, குழிக்கு இரண்டு விரல் தள்ளி நின்றது. சுற்றி நின்றவர்கள் ஐயோ என்று மூச்சு விட்டார்கள். பரவாயில்லை. குழந்தைகூடத் தள்ளிவிடும் தூரம். தள்ளினால் நான்கு. நான் உள்ளே.

பந்தை நோக்கி நடந்தேன். அந்த இடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் எந்தெந்த ஊர் என்றுகூட யோசித்தேன். புல்லின் ஓரத்தில், மடக்கு நாற்காலியில் வக்கீல் சார் உட்கார்ந்திருந்தார். நான் பந்துக்குப் பக்கத்தில் வந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"போறும்டா, எடு."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆசையாகச் சொன்னார். என் பந்து கிட்டே வந்துவிட்டதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

நான் குனிந்தேன். எடுத்தேன். இடுப்பில் தொங்கிய துணியில் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகுதான் என் கையில் இருப்பது என் பந்து என்று தெரிந்தது.

என் அட்டையில் அடி எண்ணிக்கை எழுதும் சண்டிகர் பையன் மறுபக்கம் உட்கார்ந்து தன் பந்து உருளும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆட்டக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பார்த்தவன் தயா ஒருவன்தான். விறுவிறுவென்று வந்து, கூட்டத்துக்கு என்னை மறைத்துக்கொண்டு நின்றான்.

"வெய்யி," என்றான் உதட்டை அசைக்காமல். "வெச்சிட்டுத் தட்டு."

வைத்தேன். தட்டினேன். பந்து உள்ளே விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், வக்கீல் சார் எழுந்து நின்று தட்டினார்.

அட்டை கொடுக்கும் கூடாரத்துக்கு நடந்தோம். வழியில் தயா, "நான் ஒண்ணும் பாக்கல," என்றான். கூடாரத்தில் சண்டிகர் பையன் என் அட்டையை நீட்டினான். கடைசிக் கட்டத்தில் நான்கு என்று எழுதியிருந்தான். நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று ஹிந்தியில் சொல்லித் தோளைத் தட்டினான். நல்ல பையன். நான் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கையெழுத்துதான் பாக்கி.

"எல்லாம் சரியா?" என்றார் நடுவர்.

"கடைசிக் குழியில் ஐந்து," என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேறு யாராவது பார்த்தார்களா?"

"நான் பார்த்தேன்."

"இவ்வளவு அனுபவம் உள்ளவர், காசு வைக்காமல் ஏன் எடுத்தீர்கள்?"

"பழக்கம்."

அவர் நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பலகையில் என் பெயர் கோட்டுக்குக் கீழே இறங்கியது.

பரிசளிப்பு விழாவில் கிளப் செயலாளர் மைக்கில் என் பெயரைச் சொன்னார். யாரும் பார்க்காத தவறைத் தானே முன்வந்து சொன்ன உத்தமர் என்றார். இந்த நேர்மையை இந்த மைதானம்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது, நம் கேடிகள் எல்லோருக்கும் இது பாடம் என்றார். பெரிய கைதட்டல். கேடிகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று தட்டினார்கள். எழுந்து கும்பிடு போட்டேன். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

விழா முடிந்ததும் வக்கீல் சார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா ஏழுமலை, இத்தனை வருஷமா ஆடிண்டு இருக்கே. எடுக்கறதுக்கு முன்னாடி காசு வெக்கணும்னு தெரியாதா நோக்கு?" முகத்தில் நிஜமான வருத்தம். "ஆனா நீயா போய்ச் சொன்னே பாரு, அது பெரிசு. எனக்குப் பெருமையா இருந்தது."

அவருக்கு நினைவே இல்லை. ஆயிரம் முறை சொன்ன வார்த்தையை எந்த மனிதர் நினைவில் வைத்துக்கொள்வார். நீங்கதான் சார் சொன்னீங்க என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டது அவருடைய வயதுக்காக இல்லை. சொன்னால், நான் ஆசையாச் சொன்னேன், அதுக்கு நீ ஏன்டா எடுத்தே என்று கேட்பார்.

"ஆமா சார்," என்றேன்.

கிளப் வாசலில் நின்று பத்மாவைக் கூப்பிட்டேன். முதலாளிக்குச் சரி என்று சொல்லிவிடு என்றேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"முதல்ல சாப்பிடுங்க," என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்காகத்தான் அழுதாளா, நிம்மதியில் அழுதாளா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாததால் போனை வைத்துவிட்டேன்.

நானும் தயாவும் சைதாப்பேட்டை பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். அவனுக்குப் பெரும்பாக்கம் பஸ், எனக்கு தி. நகர். கடையில் ஆளுக்கு ஒரு டீ வாங்கினான். பாதி குடித்த பிறகு ஆரம்பித்தான்.

"ஏன் மச்சி போய் சொன்னே? நான் செத்தாலும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

"தெரியும்."

"அப்புறம் இன்னா? பெரிய உத்தமனா நீ? மண்டே ஆட்டத்துல எத்தினி வாட்டி காலால பந்தத் தள்ளிக்கீறே."

"உத்தமனெல்லாம் இல்லடா. அவர் எடுன்னாரு, எடுத்துட்டேன். இத்தினி வருசம் கழிச்சி, இந்த வயசுல, எடுத்துட்டேன். அதுக்கப்புறமும் அந்த நாலு என் அட்டையில இருந்தா, அது நான் அடிச்ச நாலு இல்ல. அவர் போறும்னு சொல்லிக் குடுத்த நாலு. அத்த வெச்சிக்கினு இன்னொரு வருசம் ஊர் ஊரா என்னால ஆட முடியாது."

தயா டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரும்பாக்கம் பஸ் ஒன்று வந்தது, அவன் ஏறவில்லை. அடுத்தது வர வெகுநேரம் ஆனது. பஸ் தெரிந்ததும் பையைத் தன் தோளிலிருந்து கழற்றி என் தோளில் மாட்டினான், பாய் தைத்த வாரைச் சரிசெய்தான்.

"நாளிக்கு இந்நேரம் நீ உன் ஊட்ல இருப்பே," என்றான். "எனக்கு நாளிக்குக் காலைல வக்கீல் சார் பை. எடுன்னுவாரு. நான் எடுக்கத்தான் போறேன். அத்த நெனச்சிக்கினு அங்க உக்காந்து பேஜாராவாத, இன்னா?"

பஸ் நிற்காமல் மெதுவாகப் போனது. அவன் ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டான்.